அந்நியர் கை

மணியின் வாயை முதன்முதலாகத் திறந்து பார்த்த அந்நியர், எங்கள் தெருவில் பால் கறக்க வருகிறவர். அப்போது குட்டிக்கு ஒன்பது வாரம். வேக வைத்த கோழி ஈரலில் ஒரு துண்டை அவர் கையில் கொடுத்து, “அண்ணே, வாயத் தெறந்து பல்லப் பாத்துட்டு அப்பறம் இதக் குடுங்க” என்றேன். அவர் சொம்பைத் திண்ணையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “சந்தையில மாட்டுக்குத்தான் பல்லப் பாப்பாங்க. நாய்க்கு இன்னாத்துக்குப்பா?” கேட்டாரே தவிர, கை மாடு பழகிய கை. அவசரமில்லாமல் தாடைக்கடியில் விரலைக் கொடுத்து உதட்டை மட்டும் மேலே நீக்கினார். அரிசி அரிசியாகப் பால்பற்கள். குட்டி ஒரு முறை நெளிந்தது. ஈரலைத் தின்றது. பிறகு அவர் கட்டைவிரலை நக்கியது.

அடுத்த மூன்று வாரங்களில் நாற்பத்து மூன்று பேர் அதன் பல்லைப் பார்த்தார்கள். நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். பூக்கார அம்மா, ரேஷன் கடையில் எடை போடுகிறவர், தபால்காரர், ஹெல்மெட்டைக் கழற்றாமலே தொட்ட கூரியர் பையன், கைத்தடியோடு வந்த என் பெரியப்பா, கண்ணாடி வளையல் குலுங்கக் குலுங்கத் தடவிய பள்ளிக்கூடப் பெண்கள். கறுப்புக் குடை பிடித்தவர் ஒருவர், நரைத்த தாடிக்காரர் ஒருவர், கையில் மருதாணியோடு ஒரு கல்யாணப் பெண். நான் தேடியது எண்ணிக்கையை அல்ல, வகையை. நாய்க் கண்காட்சி வளையத்தில் வந்து நிற்கப்போகும் நடுவர் எந்த வகை ஆள் என்று முன்கூட்டித் தெரியாது.

உத்திரமேரூரிலிருந்து வந்தவாசி போகிற பக்கம் எங்கள் ஊர். நெல்லும் வேர்க்கடலையும் ஏரித் தண்ணீரை நம்பியவை. இங்கே நாய் என்றால் வாசலில் படுத்திருப்பது, இரவில் குலைப்பது, மிச்சச் சோற்றைத் தின்பது. சிப்பிப்பாறைக் குட்டி ஒன்றை சாத்தூர்ப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்து, அதற்கு நிற்கவும் நடக்கவும் சொல்லிக்கொடுக்கிறேன் என்றபோது ஊரில் யாருக்கும் விளங்கவில்லை. நாய்க்கு நிற்கத் தெரியாதா?

தெரியாது என்பதை நான் சென்னையில் பார்த்தேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கண்காட்சி. நாட்டு இனங்களின் முறை வந்தது. தெற்கே இருந்து வந்திருந்த ஒரு பெரியவர், வேட்டி சட்டையில், ஒரு மயிலை நிறச் சிப்பிப்பாறையோடு உள்ளே போனார். அப்படி ஓர் உடம்பை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. ஆழ்ந்த நெஞ்சு, முதுகோடு ஒட்டின வயிறு, சாட்டை வால், கூர்ந்த நீள முகம். சுற்றியிருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். நடுவர் நெருங்கிக் கையை நீட்டினார். நாய் அப்படியே தரையோடு ஒடுங்கியது. வால் இரண்டு காலுக்கும் நடுவே போய்விட்டது. இரண்டாம் முறை கை வந்தபோது பல்லைக் காட்டிக் காற்றைக் கடித்தது. நடுவர் பொறுமையாக ஒரு நிமிடம் காத்திருந்தார். பிறகு வெளியே கொண்டுபோகச் சொன்னார். பெரியவர் நாயை ஒரு சொல் திட்டவில்லை. மரத்தடியில் உட்கார்ந்து அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டார். நான் போய்ப் பேசினேன். குட்டியிலிருந்தே இருட்டறையில் கட்டி வளர்த்ததாகச் சொன்னார். வேற்றாள் முகம் பார்க்காமல் வளர்ந்தால்தான் நாய்க்குச் சூடு இருக்கும் என்பது அவர் தகப்பனார் காலத்து முறை. “எங்கிட்டப் பச்சப் புள்ள மாதிரி இருக்கும் தம்பி” என்றார். அவர் கையை அது நக்கிக்கொண்டிருந்தது.

அந்தக் காட்சிதான் என்னை இந்தப் பக்கம் இழுத்து வந்தது. ஊர் திரும்பிய பிறகு படிக்கத் தொடங்கினேன். 1961இல் ‘சயன்ஸ்’ இதழில் ஃப்ரீட்மன், கிங், எலியட் என்ற மூன்று ஆய்வாளர்கள் ஒரு சோதனையை எழுதினார்கள். உயரமான வேலி போட்ட வயலுக்குள் தாய் நாய்களைக் குட்டிகளோடு விட்டார்கள். மனித வாடையே கிடையாது. 2, 3, 5, 7, 9 வார வயதில் சில சில குட்டிகளை மட்டும் வெளியே எடுத்து, ஒரு வாரம் மனிதரோடு விளையாடவிட்டுத் திரும்ப வயலில் விட்டார்கள். சில குட்டிகளைப் பதினான்கு வாரம் வரை எடுக்கவே இல்லை. அந்தக் கடைசிக் குட்டிகள் காட்டு விலங்குகளாகவே இருந்தன. பின்னால் எவ்வளவு பழக்கியும் மனிதரை நம்பி நெருங்கவில்லை. அதே காலத்தில் அமெரிக்காவின் பார் ஹார்பர் ஆய்வகத்தில் ஸ்காட், ஃபுல்லர் இருவரும் பல ஆண்டுகள் ஐந்து இன நாய்களை வளர்த்துப் பார்த்து 1965இல் ஒரு பெரிய நூலாக எழுதினார்கள். அவர்கள் கண்டதும் ஏறத்தாழ இதுதான்: மூன்றாம் வாரத்திலிருந்து பன்னிரண்டாம் வாரம் வரை ஒரு கதவு திறந்திருக்கிறது. அந்தக் காலத்தில் குட்டி எதையெல்லாம் சாதாரணம் என்று கண்டதோ, அதுவே அதற்கு உலகம். மற்றதெல்லாம் பயம்.

மயிலை நாயின் குற்றம் என்று நான் பார்த்தது இருட்டறையில் போன ஒன்பது வாரம்.

வேட்டைக்கு அந்த இருட்டறை ஒருவேளை பொருந்தியிருக்கலாம். சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் பார்த்து விரட்டுகிற நாய்கள். மோப்பம் பிடித்துத் தேடுகிற வேலை அவற்றுக்கு இல்லை. கரிசல் வெளியில் முயல் எழுந்தால் கண்ணில் பட்டது பட்டபடி பாய்ந்து போகும். ஒரே எஜமான், ஒரே குரல், திறந்த வெளி. அங்கே அந்நியர் கைக்கு வேலையே கிடையாது. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. முயலைக் கொல்வது குற்றமாயிற்று. சட்டம் சரிதான், அதில் எனக்குத் தடுமாற்றம் இல்லை. ஆனால் பல நூறு ஆண்டாக ஒரே வேலைக்கென்று வடிக்கப்பட்ட உடம்பு ஒன்று வேலை இல்லாமல் நின்றுபோனது அதன் பிறகுதான். வேலை போன பிறகும் வளர்ப்பு முறை மட்டும் போகவில்லை. இருட்டறையும் சங்கிலியும் அப்படியே தங்கிவிட்டன.

நாய்க் கண்காட்சி பிறந்த கதையும் வேட்டையிலிருந்து வந்ததே. 1859 ஜூனில் இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்தில் நடந்ததை முதல் முறையான கண்காட்சி என்பார்கள். துப்பாக்கி வேட்டைக்குத் துணை போகும் பாயின்டர், செட்டர் என்ற இரண்டு வகை நாய்கள் மட்டும் வந்தன. பரிசும் துப்பாக்கிதான். வேட்டை நடந்துகொண்டிருந்த காலத்தில், அதற்கு ஏற்ற உடம்பு எது என்று பேசித் தீர்க்க ஒரு வட்டம் போட்டார்கள். நம் நாய்களுக்கோ வேட்டை முடிந்த பிறகு அந்த வட்டம் வந்தது. இன்றைக்கு ஒரு சிப்பிப்பாறையின் தோள்பட்டை ஏன் அந்தச் சாய்வில் இருக்கிறது, நெஞ்சு ஏன் அவ்வளவு ஆழம் என்று தொட்டுப் பார்த்துக் கேட்கிற இடம் அந்த வட்டம் ஒன்றுதான். அதனால்தான் அதை நான் வெறும் அலங்காரம் என்று தள்ளுவதில்லை. ராஜபாளையம் நாய் இனத்துக்கு 2005 ஜனவரியில் தபால்தலை வந்தது. எழுத்தாளர் தியடோர் பாஸ்கரன் 2017இல் இந்திய நாய்களைப் பற்றித் தனி நூலே எழுதினார். சைதாப்பேட்டையில் அரசின் நாய் இனப்பெருக்கப் பிரிவு நாட்டு இனக் குட்டிகளை வளர்த்துக் கொடுத்து வந்தது. இவையெல்லாம் நல்ல காரியங்கள். ஆனாலும் தபால்தலையும் புத்தகமும் ஒரு குட்டியின் ஒன்பது வாரத்தைக் காப்பாற்றிக் கொடுக்காது. அதை வீட்டில் இருக்கிறவர்தான் செய்ய வேண்டும்.

மணி வந்தபோது அதற்கு எட்டு வாரம் நடந்துகொண்டிருந்தது. கதவு மூட இன்னும் நாலைந்து வாரம். இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது, குட்டி வளர்க்கிற எல்லாரும் இதில் மாட்டுகிறார்கள். பழக்க வேண்டிய காலமும், தடுப்பூசி முடியாத காலமும் ஒன்றே. பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். தெருநாய் கழித்த இடத்தில் குட்டி மூக்கை வைத்தால் ரத்தக் கழிச்சலில் நாலு நாளில் போய்விடும். மருத்துவர், ஊசி முடியும்வரை வெளியே விடாதீர்கள் என்கிறார். விடாவிட்டால் கதவு மூடிவிடுகிறது. எனக்கு வழி காட்டியவர் என் அத்தை. “தரையில வுடாத, தோள்ல தூக்கினு போ” என்றார். அவ்வளவுதான். பழைய வேட்டியைத் தூளி போலக் குறுக்கே கட்டிக் குட்டியை அதில் உட்கார வைத்து, டிவிஎஸ்ஸில் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போவேன். சாயங்காலம் ஐந்து மணி. காஞ்சிபுரம் பஸ் ஹாரன், இளநீர் வெட்டும் சத்தம், பரோட்டாக் கல்லில் கரண்டி கொத்தும் சத்தம், மைக்கில் லாட்ஜ் திறப்பு விழா விளம்பரம். முதல் நாள் என் மார்புக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது. அதன் இதயம் என் விலாவில் அடித்தது. பத்து நிமிடத்தில் திரும்பிவிட்டேன். நாலாம் நாள் தலையை வெளியே நீட்டிப் பரோட்டாக் கடையையே பார்த்துக்கொண்டிருந்தது. ஒன்பதாம் நாள் தூளியிலேயே தூங்கிவிட்டது. அந்த இரைச்சலுக்கு நடுவில் ஒரு வேட்டைநாய்க் குட்டி தூங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்ற அந்தக் கால் மணி நேரத்தில் எனக்கு இருந்த நிறைவை, பின்னால் கிடைத்த எதுவும் தரவில்லை.

நிற்கப் பழக்குவதைப் பற்றிச் சொல்கிறேன். வளையத்தில் நாய் நாலு காலில் நிலையாக நிற்க வேண்டும். முன்னங்கால் இரண்டும் தோளிலிருந்து நூல் விட்டது போல் நேராக இறங்க வேண்டும். பின்னங்காலில் கணுக்கால் மூட்டுக்குக் கீழே பாதம் வரை உள்ள எலும்பு செங்குத்தாக நிற்க வேண்டும். தலை நிமிர்ந்து, கழுத்து வளைவு தெரிய வேண்டும். பலர் கால் ஒவ்வொன்றையும் கையால் தூக்கி வைத்து நிறுத்துகிறார்கள். குட்டிக்கு அது பிடிக்காது. கால் என்பது ஓடுகிற விலங்கின் உயிர். அதைப் பிறர் பிடித்தால் அது தன்னை இழந்தது போல. நான் ஈரலை அதன் மூக்குக்கு நேரே காட்டி, அது தானாகவே நிலைகொள்ளும்வரை காத்திருப்பேன். நாலு கால் ஒழுங்காக விழுந்த கணத்தில் “நில்லு” என்ற ஒரு சொல், ஈரல், முடிந்தது. முதல் வாரம் இரண்டு விநாடி. மூன்றாம் மாதத்தில் அரை நிமிடம். ஒரு வேளைக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் ஒருநாளும் பழக்கவில்லை. குட்டி இன்னும் வேண்டும் என்று நினைக்கும்போதே நிறுத்திவிட வேண்டும். ஊரில் எல்லாரும் நாய்க்கு முதலில் சொல்லிக்கொடுப்பது உட்காருவதை. காட்சிக்குப் போகும் குட்டிக்கு அதை முதலில் சொல்லித்தரவே கூடாது. தெரிந்துவிட்டால் நடுவர் எதிரே வந்து நின்றதும் மரியாதையாக உட்கார்ந்துவிடும். எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லாரிடமும் போய், யாரும் மணியிடம் ‘உக்காரு’ என்று சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன். அவர்கள் அதை ஒரு ரகசியம் போலக் காப்பாற்றினார்கள்.

நாலாம் மாதத்தில் பால்பற்கள் விழத் தொடங்கின. இருபத்தெட்டு போய் நாற்பத்திரண்டு வர வேண்டும். ஈறு சிவந்து வீங்கியிருந்தது. பல்லைப் பார்க்கிற பழக்கத்தை ஆறு வாரம் அடியோடு நிறுத்தினேன். இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்: வலிக்கிற வாயை ஒரு முறை திறந்தால், முன்னே நாற்பத்து மூன்று பேர் கொடுத்த நம்பிக்கை அதோடு போயிற்று. அந்த ஆறு வாரமும் உதட்டை வெளியே தொடுவது, ஈரல் கொடுப்பது, அவ்வளவே. ஆறாம் மாதம் கடைவாய்ப் பல் வந்து சேர்ந்ததும் மீண்டும் தொடங்கினோம். மேல்வரிசைப் பல் கீழ்வரிசையை லேசாக மூடிக் கத்தரிக்கோல் போல் பொருந்தியிருந்தது.

நடை வேறு விஷயம். நடைக்கும் ஓட்டத்துக்கும் இடையில் நாய்க்கு ஒரு துள்ளுநடை உண்டு. வலது முன்னங்காலும் இடது பின்னங்காலும் சேர்ந்து எழும், பிறகு மற்ற இரண்டு. உடம்பு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பது அதில்தான் வெளிப்படும். நாம் மெதுவாக நடந்தால் சில குட்டிகள் ஒட்டகம் போல் ஒரு பக்கத்துக் கால் இரண்டையும் சேர்த்துப் போடும். அப்போது நாம் கொஞ்சம் வேகம் கூட்ட வேண்டும், குட்டியை இழுக்கக் கூடாது. ஏரிக்கரை ஓரம் ஊர்க் களத்தில் சுண்ணாம்பால் வட்டம் போட்டுக்கொண்டேன். நாய் என் இடப்பக்கம், நடுவர் நிற்கும் நடுமையத்தை நோக்கிய பக்கம். அப்படியானால் சுற்று இடஞ்சுழி. இரண்டாம் நாளே என் பெரியம்மா களத்து மேட்டில் நின்று கூப்பிட்டார். “ஏன்டா, கோயில் சுத்துற மாதிரி சுத்தாம அப்பிரதட்சிணமா சுத்துறியே, சாவு வீடா இது?” எனக்கும் அது உறைத்தது. அதன்பின் பயிற்சி முடிந்ததும் வலஞ்சுழியாக ஒரு சுற்று சும்மா போவோம். கயிறு தளர்ந்திருக்கும். மணி அந்தச் சுற்றுக்காகவே காத்திருக்கும். அதில் மோப்பம் பிடிக்கலாம், தட்டான் துரத்தலாம். அறுவடைக் காலத்தில் களம் நெல்லுக்குப் போய்விட்டது. நாங்கள் மதகுப் பக்கம் மாறிக்கொண்டோம்.

உத்திரமேரூர்ப் பக்கம் பிறந்தவனுக்கு, தகுதி பார்த்துத் தேர்ந்தெடுப்பது என்றாலே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்தான் நினைவுக்கு வரும். சோழ மன்னன் முதலாம் பராந்தகனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது 919, 921இல், ஊர்ச்சபைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் குடவோலை விதிகள் அங்கே வெட்டப்பட்டன. முப்பது குடும்பு, அதாவது ஊரின் முப்பது பிரிவு. ஏரி வாரியம், தோட்ட வாரியம், சம்வத்சர வாரியம். வயது 35க்கு மேல் 70க்குள். கால் வேலிக்கு மேல் இறை கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் பயிற்சி. யார் யார் கூடாது என்று அதைவிட நீளமான பட்டியல். கணக்குக் காட்டாதவன் மட்டுமல்ல, அவன் உறவினரும் கூடாது. கடைசியில் ஓலைகளைக் குடத்தில் போட்டுக் குலுக்கி, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அறியாத ஒரு சிறுவனைக் கைவிட்டு எடுக்கச் சொன்னார்கள். கண்காட்சியிலும் நான் முதலில் மதித்தது இதைத்தான். நடுவருக்கு நாயின் பெயரோ உடையவர் பெயரோ தெரியக் கூடாது. கையில் கட்டிய எண் மட்டும். தொட்டுப் பார்க்கிற கை அறியாத கையாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் ஆயிரம் ஆண்டுக்கு முன் எங்கள் பக்கத்தில் கல்லில் ஏறியிருக்கிறது.

ஆனால் அந்தச் சுவரின் முன் நிற்கும்போது எனக்கு வேறொன்றும் தோன்றும். குடத்துக்குள் ஓலை போவதற்கு முன்பே ஊரில் பெரும்பாலோர் கழிக்கப்பட்டுவிட்டார்கள். நிலமில்லாதவன் பெயர் எந்தச் சிறுவன் கையிலும் சிக்காது. நாம் நாய்க்கு வைத்திருக்கும் சொல்லைப் பாருங்கள்: ‘சாதி நாய்’. விலை கொடுத்து வாங்கினதைச் சாதி நாய் என்கிறோம், தெருவில் பிறந்ததற்கு அந்தச் சொல் இல்லை. இந்தச் சொல்லை நான் வீட்டில் விட்டுவிட்டேன். இனம் என்றுதான் சொல்கிறேன். சொல்லை மாற்றினால் எல்லாம் மாறிவிடாது, தெரியும். இனத்தூய்மை என்ற பெயரில் அப்பனையும் மகளையும் சேர்த்து ஈத்து எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். ராஜபாளையத்தில் அப்பழுக்கற்ற வெள்ளைதான் வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்ததன் விலையை நான் ஒரு வளர்ப்பவர் வீட்டுக் கொல்லையில் பார்த்தேன். தூங்கும் குட்டிகளுக்குப் பின்னால் நின்று ஒரு தட்டை அடித்தேன். எல்லாம் துள்ளி எழுந்தன. ஒன்று மட்டும் தூங்கிக்கொண்டே இருந்தது. தோலுக்கு நிறம் தரும் அதே செல்கள் உட்காதுக்குள்ளும் இருக்க வேண்டும். அவை அங்கே இல்லாமல் போனால் கேள்விப்புலன் பிறந்த சில வாரங்களில் செத்துவிடும். வெள்ளைக்குப் பரிசு கொடுக்கிற வளையம் செவிட்டுக்கும் பொறுப்பேற்க வேண்டும். இதில் நான் வளையத்தின் பக்கம் இல்லை.

எங்கள் பக்கத்து மாவட்டமான திருவண்ணாமலையில் எடுத்தனூர் என்ற ஊரில் ஒரு நடுகல் கிடைத்தது. பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆண்டு, ஏழாம் நூற்றாண்டின் தொடக்கம். கருந்தேவக்கத்தி என்ற வீரன் கள்வரோடு பொருது இறந்தான். அவன் நாய் கள்வரைக் கடித்து அங்கேயே நின்றது. நாய்க்குக் கல்லில் பெயர் இருக்கிறது: கோவிவன். அது எந்த இனம், என்ன நிறம், தகப்பன் யார் என்று கல்லில் ஒரு சொல் இல்லை. அது என்ன செய்தது என்பது மட்டும் இருக்கிறது. மணியின் பதிவுச் சீட்டு வந்த அன்று எனக்கு அந்தக் கல் நினைவு வந்தது. சீட்டில் மூன்று தலைமுறைப் பெயர்கள் இருந்தன. அதில் மணிக்கே ஒரு நீண்ட பெயர். கழுத்துத் தோலுக்கடியில் அரிசி அளவில் ஒரு சிப். வீட்டில் அது மணிதான். எங்கள் வீட்டில் இதற்கு முன் இருந்த எல்லா நாய்க்கும் மணி என்றே பெயர், அவற்றில் ஒன்றுக்கும் சீட்டு இருந்ததில்லை.

காட்சி நாளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மணிக்கு அப்போது எட்டரை மாதம். விடியற்காலை மூன்று மணிக்கு வாடகைக் காரில் கிளம்பினோம். நாட்டு இனக் குட்டிகள் பிரிவில் நான்கு நாய்கள். நடுவர் வெளிநாட்டுக்காரர், உயரமான மனிதர், தொப்பியும் குளிர்கண்ணாடியும் போட்டிருந்தார். நான் நாற்பத்து மூன்று பேரில் தொப்பிக்காரர் ஒருவரைக்கூடச் சேர்க்கவில்லையே என்று அந்தக் கணத்தில்தான் நினைத்தேன். என் உள்ளங்கை வேர்த்தது, கயிறு வழியே அது மணிக்குப் போய்விடும் என்று தெரியும். அவர் குனிந்தார். முதலில் தன் கையின் பின்புறத்தை மோப்பம் பிடிக்கக் கொடுத்தார். உதட்டை நீக்கிப் பல் பார்த்தார். தோளில் கை வைத்து முதுகோடு ஓட்டிக் கொண்டுபோய் இடுப்பை அழுத்திப் பார்த்தார், விதை இரண்டும் இறங்கியிருக்கிறதா என்று தொட்டார். மணி வாலை ஒரு முறை அசைத்துவிட்டு, தூரத்தில் யாரோ டிபன் பெட்டி திறந்த திசையைப் பார்த்துக்கொண்டு நின்றது. சுற்றில் இரண்டு முறை துள்ளிக் குதித்துத் தாளத்தை விட்டது. நான்கில் மூன்றாவது. முன்னங்கால் பாதம் கொஞ்சம் வெளிப்பக்கம் திரும்பியிருக்கிறது என்று நடுவர் சொன்னார். உண்மைதான், எனக்கும் தெரியும். அவர் சொன்னதை எழுதி வைத்துக்கொண்டேன்.

அதற்குப் பின் இன்னும் ஒரு காட்சிக்குப் போனோம். இனிப் போவேனா என்று தெரியவில்லை. மணிக்கு ஓட வேண்டும். அறுவடை முடிந்த வயலில் காலை ஐந்தரைக்கு அவிழ்த்துவிட்டால், வரப்பு வரப்பாக அது போகிற போக்கில் நாலு காலும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழுவதைப் பார்க்கலாம். எந்த வளையத்தின் வட்டத்திலும் அந்த உடம்பு முழுதாக விரியாது. அதை அங்கே பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியும் என்று நான் ஒருபோதும் நம்பவில்லை. வளையத்துக்காகச் செய்த வேலை மட்டும் வீணாகவில்லை. கோப்பை வேண்டாம் என்கிறவரும் அந்த வேலையைச் செய்யலாம், செய்ய வேண்டும். இந்தப் பக்கம் இப்போது நாட்டு நாய்க் குட்டிகள் நிறைய வருகின்றன. 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு இளைஞர்கள் ஆசை ஆசையாக வாங்குகிறார்கள். முப்பது நாள் குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து வாங்கி வந்து, மாட்டுக்கொட்டகை மூலையில் சங்கிலியில் கட்டி, கோபம் வரட்டும் என்று வேற்றாளைக் கிட்டே விடாமல் வளர்க்கிறார்கள். ஒரு வருடத்தில் அது யாரையாவது கடிக்கிறது. பிறகு அதை ஏரிக்கரையில் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். போன வருடம் மட்டும் அப்படி விடப்பட்ட கன்னி ஒன்றையும் சிப்பிப்பாறை இரண்டையும் நானே பார்த்தேன். அவர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான்: எட்டு வாரம் வரை குட்டியைத் தாயோடு விடுங்கள். வந்த பிறகு நாலு வாரம், நாளுக்கு இரண்டு புதுக் கை அதைத் தொடட்டும். தோளில் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போங்கள். செலவு, கால் கிலோ கோழி ஈரல்.

போன மாதம் வெறிநோய்த் தடுப்பூசிக்கு மணியைக் கால்நடை மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். வேட்டைநாய் என்று பார்த்ததும் உதவியாளர் வாய் கட்டத் துணிச்சுருளை எடுத்தார். வேண்டாம் என்றேன். மருத்துவர் பக்கத்தில் வந்தார். “நில்லு” என்றேன். மணி நாலு காலையும் ஊன்றி, தலையை நிமிர்த்தி நின்றது. அவர் தோளுக்குப் பின்னால் தோலைக் கூட்டிப் பிடித்து ஊசியைப் போட்டு எடுத்தார். துணிச்சுருள் மேசையிலேயே இருந்தது.